கையில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று

எழுபது வயதில் ஒருவன் இரண்டு கேமராக்களை அணைத்துக்கொண்டு ரயிலில் தூங்கக் கூடாது. தஞ்சாவூரில் இறங்கியபோது என் விலாவில் லென்ஸ் மூடியின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது. வலித்தது. ஆனாலும் நடைமேடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். சுமை தூக்குபவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, யாரோ பேரன் பிறந்த செய்தி சொல்லியிருக்கிறார்கள் போல என்று நினைத்திருப்பார்.

இரண்டும் என் மகள் நித்யாவுடையவை. பெங்களூரில் அவள் அலமாரியில் சும்மா கிடந்தவை. ஒன்று மிரர்லெஸ் என்ற பெரிய ரகம். லென்ஸோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டினால் உரித்த தேங்காய் ஒன்றைத் தொங்கவிட்டதுபோல் இருக்கும். மற்றது காம்பாக்ட், சோப்பு டப்பா அளவு. சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் லேசாகச் சரியும், அவ்வளவுதான். "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்கப்பா. திரும்பி வரும்போது பிடிச்சதை வெச்சுக்கோங்க, இன்னொண்ணைக் குடுத்துடுங்க" என்று சொல்லியிருந்தாள். நாக்பூரில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் ஒளியியல் நடத்தியவன் நான். குழியாடி, குவியாடி, குவியத்தூரம் எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். இந்த இரண்டில் எது வேண்டும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

எதற்காகக் கேமரா என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்துப் பழகியவனுக்கு அதுதான் நல்லது.

என் தங்கை மல்லிகாவுக்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கும்பகோணத்தில் கல்யாணம் நடந்தது. போட்டோகிராபர் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்போதுதான் புதிதாக ஒரு ஃபிலிம் கேமரா வாங்கியிருந்தேன். முகூர்த்தத்தன்று நாற்காலிமேல் ஏறி நின்று எடுத்துத் தள்ளினேன். முப்பத்தாறு படம் எடுக்கும் சுருளில் நாற்பத்தொன்று எடுத்துவிட்டேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், பெருமைதான் வந்தது. மூன்றாம் நாள் ஸ்டூடியோவுக்குப் போனேன். அந்த இளைஞர் என்னை உள்ளே அழைத்து, கழுவிய சுருளை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. "சார், நீங்க மாட்டும்போது நுனி பல்லுல சிக்கல. ஃபிலிம் ஓடவே இல்ல." வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். "கழுவும்போது கெடுத்துட்டான்" என்று சொன்னேன்.

அப்பா கிளம்பிப் போய் நடுத்தெருவில் நின்று அந்த இளைஞரைத் திட்டினார். "ஒரு வார்த்தை பதில் பேசல. குத்தமுள்ள நெஞ்சு" என்று வந்து சொன்னார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மல்லிகாவிடம் கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லை. இப்போது அவள் கணவருக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மறுபடியும் மாலை, மறுபடியும் தாலி. தவறவிட்ட ஒன்று இப்படித் திரும்பி வருவது எல்லா ஊரிலும் நடக்காது. இந்தமுறை தாலி கட்டும் படத்தை எடுத்தே தீருவது, அதோடு உண்மையையும் சொல்லிவிடுவது. கேமராவைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இதற்காகத்தான்.

முதல் நாள் ஒத்திகைக்கு என்று வைத்துக்கொண்டேன். ஆனால் முதலில் சாப்பாடு. நாக்பூரில் காலையில் போஹா என்ற அவல் உப்புமாவின்மேல் காரக்குழம்பு ஊற்றித் தருவார்கள். கண்ணில் நீர் வரும், புத்தி தெளியும். தஞ்சாவூர்ப் பொங்கல் அதற்கு நேர் எதிர். நெய் உள்ளே இறங்க இறங்க உலகத்தில் யார்மீதும் கோபம் இல்லாமல் போகிறது. என்மீதுகூட.

பெரிய கோயிலில் வெயில் இன்னும் ஏறவில்லை. மிரர்லெஸ்ஸின் காண்குழியில் கண்ணை வைத்தேன். ஐயோ, என்ன அழகு! விமானத்தின் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக எண்ணிக்கொள்ளும்படி நின்றது. கூர்மையை மாற்றினால் நந்தியின் காது தெளிந்து பின்னால் இருப்பதெல்லாம் பாலாகக் கரைந்தது. எழுபது வயதுக்காரன் கல்தரையில் மண்டி போட்டேன், சாய்ந்தேன், ஒருமுறை படுத்தே விட்டேன். ஒவ்வொரு தடவையும் எடுத்த படம் திரையில் இரண்டு நொடி மின்னி மறைந்தது. ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ இரண்டு சொல்லும் மின்னியது. படிக்கும் கண்ணாடி லாட்ஜ் அறையில் இருந்தது. பேட்டரி நிறைய இருக்கிறது என்று பாராட்டுகிறதாக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

பெரிய கேமராவுக்கு ஒரு வினோத குணம் உண்டு. அதை மாட்டியிருப்பவனை ஊரே வேலைக்கு வந்தவனாக எடுத்துக்கொள்ளும். பூதலூரிலிருந்து வந்திருந்த வேலாயுதம் என்பவர் தம் குடும்பம் முழுவதையும் நந்திக்கு முன்னால் வரிசையாக நிறுத்திவிட்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"போட்டோக்காரரே! எங்களையும் ஒண்ணு எடுங்க."

"நான் போட்டோக்காரர் இல்லைங்க."

"அதெல்லாம் பார்த்தாலே தெரியுது. ஏய், புடவைய இழுத்து விடு. சார் வேற பக்கம் போயிடப் போறாரு."

பதினோரு பேர். தனித்தனியாக, ஜோடி ஜோடியாக, மொத்தமாக என்று இருபது படங்கள். ஒரு அம்மாள் மட்டும் எல்லாப் படத்திலும் கண்ணை மூடிவிட்டதாகச் சொல்லி மறுபடி மறுபடி எடுக்கச் சொன்னார். வேலாயுதம் தம் அலைபேசி எண்ணை என் குறிப்பேட்டில் எழுதினார். நாளைக்கே அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பிற்பகலில் காம்பாக்ட்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவமானமாகவே இருந்தது. வெயிலில் அதன் திரையில் ஒன்றும் தெரியவில்லை; குத்துமதிப்பாக அழுத்த வேண்டியிருந்தது. கடை நிழலுக்குள் போனால் படம் புள்ளி புள்ளியாக வந்தது. நடுவில் அசோகா வாங்கித் தின்றேன். பாசிப்பருப்பையும் நெய்யையும் சேர்த்துக் கிண்டிய ஆரஞ்சு நிற இனிப்பு, வாயில் வைத்ததும் காணாமல் போகும். நெய் விரலோடு லென்ஸைத் தொட்டுவிட்டேன். அதற்குப் பிறகு தஞ்சாவூரே கனவில் வந்ததுபோல் பதிந்தது. அறைக்குத் திரும்பியதும் தீர்ப்பு எழுதிவிட்டேன்: பெரியதுதான். சந்தேகமே இல்லை.

இரண்டாம் நாள் குடவாசல். மல்லிகாவின் வீடு அங்கேதான். கும்பகோணத்தில் இறங்கிப் பேருந்து மாற வேண்டும். இட்லிக்குக் கடப்பா ஊற்றிச் சாப்பிட்டேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த இந்தக் குழம்பை நாக்பூரில் நானே பலமுறை செய்து பார்த்திருக்கிறேன்; பெயர் மட்டும்தான் சரியாக வந்தது. அந்த ஸ்டூடியோ இருந்த தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம். போகவில்லை. இன்னொரு கடப்பா வாங்கிக்கொண்டேன். ஒரு மனிதன் எதற்குப் பயந்து எதையெல்லாம் தின்கிறான்!

குடவாசல் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. தை மாதம். சில வயல்களில் அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. சிலவற்றில் கதிர் சாய்ந்து அறுக்கும் இயந்திரத்துக்குக் காத்திருந்தது. சாலையின் பாதியில் நெல்லைக் கொட்டிக் காயப்போட்டிருந்தார்கள். பேருந்து மீதிப் பாதியில் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. திடீரென்று நின்றது. முன்னால் வாத்துகள். அறுத்த வயலில் மேய்ந்த கூட்டம் சாலையைக் கடந்து அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நூறா, ஐநூறா, எண்ணவே முடியாது. எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. நாடாளுமன்றம்போல.

நான் கீழே இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது. மிரர்லெஸ்ஸில் கண் வைத்தபின் எனக்கு வேறு ஒன்றும் கேட்பதில்லை. வாத்துகளின் கால் நிறமும் வைக்கோலின் நிறமும் ஒன்றாக இருப்பதைக் கண்டுபிடித்து ஆனந்தத்தில் மிதந்துகொண்டிருந்தேன். கண்ணை எடுத்தபோது வாத்துகளும் இல்லை, பேருந்தும் இல்லை. பேருந்துக்குள் என் பெட்டி. பெட்டிக்குள் மல்லிகாவுக்குப் பிறந்த வீட்டுக் கூறைப்புடவையும் மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டியும்.

பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஐம்பது வயது இருக்கும், வெள்ளைத் தொப்பி, முன்னால் ஒரு கட்டு ஜெராக்ஸ் காகிதம்.

"பஸ்ஸ விட்டுட்டீங்களா சார்?"

"பஸ்தான் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு."

"ஏறுங்க. அடுத்த ஸ்டாப்பிங்ல புடிச்சிரலாம். கேமராவக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க, என்னைப் புடிக்காட்டியும் பரவால்ல."

அவர் பெயர் ஜபருல்லா. மஸ்கட்டில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்து குடவாசலில் செல்போன், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்பதெல்லாம் காற்றில் கத்திக் கத்திச் சொன்னார். பரப்பியிருந்த நெல்லின் ஓரத்தை உரசிக்கொண்டு பறந்தோம். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. இரண்டு நிறுத்தம் தாண்டிப் பேருந்தைப் பிடித்தோம். நடத்துநர் படிக்கட்டில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், வாத்து விலை படியலையா?"

பெட்டியை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரிலேயே தொடர்ந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் பயணம் செய்ததில்லை.

ஜபருல்லா தம் கடையில் டீ வரவழைத்தார். கேமராவைக் கையில் வாங்கிக் கைக்குழந்தையைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஸ்கட்ல இதோட அண்ணன வெச்சிருந்தேன் சார். வாத்து எப்படி வந்திருக்குன்னு பார்ப்போம்." ஒரு பொத்தானை அழுத்தினார். இன்னொன்றை அழுத்தினார். பிறகு அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், கார்டு எங்க?"

"எந்தக் கார்டு?"

"மெமரி கார்டு சார். உள்ள ஒண்ணுமே இல்ல. கார்டு இல்லாமலே அமுக்குற மாதிரி செட்டிங் வெச்சிருக்காங்க. திரையில ஓரமா 'கார்டு இல்ல'ன்னு காட்டியிருக்குமே?"

ஆரஞ்சு நிறத்தில் இரண்டு சொல்.

நித்யாவைக் கூப்பிட்டேன். "ஐயோ அப்பா! அது என் லேப்டாப்புலயே இருக்கு!" என்றாள். ஜெராக்ஸ் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பெரிய கோயில் இல்லை. நந்தியின் காது இல்லை. பதினோரு பேர் கொண்ட பூதலூர்க் குடும்பம் இல்லை. வாத்து ஒன்றுகூட இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, வேறு ஒரு கேமராவில், அதே தப்பு. உலகத்தில் ஒரே தப்பை இவ்வளவு முன்னேறிய தொழில்நுட்பத்தோடு மறுபடி செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. ஜபருல்லா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

சட்டைப்பையில் இருந்த காம்பாக்ட்டை அவரே எடுத்துத் திறந்தார். "இதுல கார்டு இருக்கு சார். இருபத்தி மூணு படம் இருக்கு." பார்த்தோம். நெய் படிந்த தஞ்சாவூர் பத்து. என் சட்டைப்பையின் உள்பக்கம் ஆறு. அசோகா ஒன்று. மீதி யாருடைய செருப்போ. ஆனாலும் இருந்தன! கடையில் இருந்த புதுக் கார்டு ஒன்றைப் பெரிய கேமராவில் போட்டு, இனிமேல் கார்டு இல்லாவிட்டால் அழுத்தினாலும் எடுக்காதபடி ஜபருல்லா மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் நான் செய்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. பூதலூர் வேலாயுதத்துக்குப் போன் போட்டேன். சொல்வதற்குப் பொய் தயாராகத்தான் இருந்தது: கார்டு கெட்டுவிட்டது, கடைக்காரர் அழித்துவிட்டார். பழகிய பாதை. எதிரே ஜபருல்லா டீ குடித்துக்கொண்டிருந்தார். பழி போட ஒரு கடைக்காரர்கூடத் தயார். நான் சொன்னேன்: "நேத்து கோயில்ல எடுத்தேனே, ஒரு படமும் இல்லைங்க. கேமராவுல கார்டே போடல. என் தப்பு."

அந்தப் பக்கம் யாரிடமோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. "அதான் பார்த்தேன், படுத்துக்கிட்டு எடுக்கும்போதே இந்தாளு போட்டோக்காரர் இல்லன்னு என் மச்சினிச்சி சொன்னா. விடுங்க சார். பூதலூர்ப் பக்கம் வந்தா வாங்க, மறுபடி நின்னுக்கிறோம்."

இவ்வளவுதானா? முப்பத்து நான்கு ஆண்டுகளாக நான் பயந்தது இவ்வளவுதானா?

இல்லை. இவர் வழிப்போக்கர். மல்லிகா என் தங்கை.

அன்று மாலை அவள் வீட்டில் இரண்டு கேமராக்களையும் மேசைமேல் வைத்தேன். மாப்பிள்ளை ராஜேந்திரன் விவசாயி. எதையும் எடை போட்டுப் பார்ப்பவர். இரண்டையும் இரண்டு கையில் தூக்கினார். "மச்சான், பெருசு பொன்னி மாதிரி. ருசி உண்டு, ஆனா கொஞ்சம் காத்தடிச்சாலும் சாஞ்சிரும். சின்னது குட்டை ரகம். வயல்ல நிக்கும்." ஒளியியல் முப்பது ஆண்டுகள் நடத்திய எனக்கு இந்தக் கோணம் தோன்றியதே இல்லை.

நான் மல்லிகாவிடம் பெரியதன் பெருமைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நாளைக்கு உயரமாக நிற்க ஒரு நாற்காலி வேண்டும் என்றேன். மொச்சைக் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

"நாற்காலி கீற்காலின்னு ஆரம்பிக்காதண்ணே. அன்னிக்கும் அப்படித்தான் நின்ன."

"படம் எடுக்கணும்ல?"

"படம் போனது போவட்டும். அண்ணன் வந்து கையில பொரி போடணும்னு ஐயர் மூணு தடவ கூப்பிட்டாரு. நீ காதுல வாங்கல. பெரியப்பா மவன் வந்து போட்டான். நான் ஓமத்துல பொரியப் போடுறப்ப நிமிந்து பார்த்தேன். உன் மூஞ்சியே தெரியல, கேமராதான் தெரிஞ்சுது. நாளைக்கு நீ கீழ நிக்கணும். கலசத் தண்ணிய நீதான் ஊத்தணும்."

படம் இல்லை என்பதுதான் என் குற்றம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்த முகூர்த்தத்தில் நானும் இல்லை என்பது இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமலே போயிற்று. அன்றே சொல்லிவிட வாய் திறந்தேன். மாப்பிள்ளை, "மச்சானுக்கு இன்னும் ரெண்டு அப்பளம் போடு" என்றார். அப்பளத்தோடு அது போயிற்று.

மூன்றாம் நாள் திருக்கடையூர். நாக்பூரில் கல்யாண மண்டபம் என்றால் ஒரு மணமகள்தான் இருப்பாள். இங்கே பிராகாரம் முழுக்க மணமக்கள். எல்லோருக்கும் நரைத்த தலை. அறுபது, எழுபது, எண்பது. பிள்ளைகளும் மருமகன்களும் ஓடி ஓடி வேலை செய்ய, கிழவிகள் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு மாலை, இவ்வளவு புகை, இவ்வளவு பொக்கைவாய்ச் சிரிப்பு! எந்த ஜோடியின் மேளம் எது என்று தெரியவில்லை. அடுத்த ஜோடியின் கெட்டிமேளத்துக்கு ராஜேந்திரன் ஒருமுறை தாலித் தட்டுக்குக் கையைக் கொண்டுபோய்விட்டார். "இருங்க மாமா, இது அவங்களுது!" என்று யாரோ பிடித்து நிறுத்தினார்கள்.

குருக்கள் தம்பதியை மணையில் உட்காரவைத்தார். தலைக்குமேல் சல்லடையைப் பிடித்து அதன் வழியாகக் கலச நீரை ஊற்றுவது வழக்கம். "பொண்ணோட அண்ணா வாங்கோ" என்றார். என் கழுத்தில் மிரர்லெஸ். ஒரு சொட்டு நீர் உள்ளே போனால் நித்யாவுக்கு என்ன பதில் சொல்வது? ஊற்றப் போனால் படம் எடுப்பது யார்? பக்கத்தில் ஒரு அம்மாள் தம் முறைக்காகக் காத்து நின்றார். கடற்கரை ஊர்க்காரர், மீன் வியாபாரம். கணவருக்கு எழுபது. பூங்காவனம் என்று பெயர் சொன்னார். என் தவிப்பை ரொம்ப நேரமாகவே ரசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"குடுங்க, நான் புடிக்கிறேன். ஏலத்துல அத்தன கூச்சல்ல நின்னு மீனப் போட்டோ எடுத்து வியாபாரிங்களுக்கு வாட்ஸப்ல அனுப்புறவ நானு."

பெரியதை நீட்டினேன். பின்வாங்கினார். "இது வேணாஞ்சாமி. சுறா மாதிரி வாயத் தொறந்துகிட்டு இருக்கு. அந்தச் சின்னதக் குடுங்க."

சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். பெரியதைக் கழற்றிக் கூறைப்புடவைப் பைக்குள் வைத்தேன். கழுத்து லேசானது. இரண்டு கையும் காலியாக இருந்தன. அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே ஒரு நொடி தெரியவில்லை. குருக்கள் கலசத்தைக் கொடுத்தார்.

ஊற்றினேன். சல்லடையிலிருந்து நூல் நூலாக நீர் மல்லிகாவின் நரைத்த வகிட்டில் இறங்கியது. மேளம் காதைப் பிளந்தது. நான் குனிந்து அவள் காதருகே சொன்னேன்.

"மல்லிகா, அந்த ஸ்டூடியோக்காரர் மேல தப்பே இல்ல. நான் ஃபிலிமைச் சரியா மாட்டல. பொய் சொன்னேன்."

"என்னது?"

மறுபடி சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல்.

அவள் கண்ணைத் திறக்க முடியாமல் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினாள். "அடப்பாவி அண்ணே!" வாய்க்குள் தண்ணீர் போய் இருமினாள். "ஊத்து. நிறுத்தாத. ஐயர் பார்க்கிறாரு."

சொட்டச் சொட்ட நனைந்த மாப்பிள்ளை கேட்டார், "மச்சான் என்ன சொல்றாரு?"

"மந்திரம்" என்றாள் மல்லிகா.

புதுப்புடவை மாற்றி வந்து உட்கார்ந்தபின் தாலி கட்டியதை நான் மிரர்லெஸ்ஸில் எடுத்தேன். தரையில் நின்றுதான். நாற்பது படம், ஒவ்வொன்றிலும் மூன்றாவது முடிச்சின் நூல்பிரிவரைக்கும் தெரிகிறது. அவற்றைப் பார்த்த எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். பூங்காவனம் சோப்பு டப்பாவில் எடுத்தது ஒன்றே ஒன்று. கொஞ்சம் சரிந்திருக்கிறது. கலசம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. நான் வாயைத் திறந்தபடி குனிந்திருக்கிறேன். மல்லிகா கண்ணை மூடி வாயைத் திறந்திருக்கிறாள். சிரிக்கிறாளா திட்டுகிறாளா என்று தெரியாது. அதைப் பார்த்தவர்கள் யாரும் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. எனக்கு அனுப்பு, எனக்கு அனுப்பு என்று கேட்டார்கள்.

பந்தியில் மல்லிகா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலையில் பாயசம் ஊற்றினார்கள். அவள் தொடவில்லை.

"முப்பத்திநாலு வருஷம்ணே. கும்பகோணம் போனா அந்தத் தெருவுல கால் வெக்க மாட்டேன். வெயில்ல சுத்திக்கிட்டுப் போவேன். நான் மட்டுமில்ல, நம்ம சனத்துல ஒருத்தரையும் அங்க போட்டோ எடுக்க விடல. காது குத்து, வளைகாப்பு, எல்லாத்துக்கும் வேற ஆளு. அந்த மனுசன் வயித்துல நானும் அடிச்சிருக்கேன். உன் பேச்சக் கேட்டு."

நானும் பாயசத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்குக் காலையில கெளம்பு. நீ, நானு, அவுக. அந்தத் தெரு வழியா."

நான்காம் நாள் கும்பகோணத்தில் கடப்பா சாப்பிட எனக்குத் தைரியம் இல்லை. தெரு மாறியிருந்தது, ஸ்டூடியோ அதே இடத்தில் இருந்தது. முன்பக்கம் பாஸ்போர்ட் படம், லேமினேஷன். உள்ளே மேசைக்குப் பின்னால் வழுக்கைத் தலையோடு ஒருவர். என்னை அடையாளம் தெரியவில்லை அவருக்கு. எனக்குத் தெரிந்தது, சுருளை விளக்குக்குப் பிடித்த அந்த விரல்களை.

நின்றபடியே சொன்னேன். ஊர், வருடம், சுருள், அப்பா வந்து கத்தியது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும். மல்லிகா கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பத்தொரு படம் எடுத்தேன்னு பெருமையாச் சொன்னீங்களே, அந்த சாரா?"

"ஆமாங்க. அப்பா வந்து திட்டினப்போ நீங்க ஏன் உண்மையைச் சொல்லல?"

"கடை ஆரம்பிச்சு ஆறு மாசம் சார். வாய் வரைக்கும் வந்துச்சு. உங்க அப்பா கையில கங்கணத்தோட நின்னாரு. கல்யாண வீட்டு மனுசன். பொண்ணோட அண்ணனக் காட்டிக்குடுத்து நான் என்ன சம்பாதிக்கப் போறேன்? நீங்களே நாளைக்கு வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நாளைக்குன்னா, இவ்வளவு லேட்டாகும்னு நெனைக்கல."

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். மல்லிகா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க மூணு பேரையும் ஒரு போட்டோ எடுங்க. உங்க கையால" என்றாள்.

அவர் தம் கேமராவை எடுக்க எழுந்தார். நான் இரண்டு கேமராக்களையும் மேசைமேல் வைத்தேன். சின்னதை வைத்துக்கொள்வது என்று அதற்குள் முடிவு செய்திருந்தேன். கை காலியாக இருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் தொழில் தெரிந்தவரிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ரெண்டுல எது நல்லதுங்க?"

அவர் மிரர்லெஸ்ஸை எடுத்தார். அடியில் இருந்த கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். காம்பாக்ட்டை எடுத்தார். அதன் கதவையும் திறந்து, எனக்கும் தெரியும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, பார்த்தார். மூடினார்.

"ரெண்டுமே நல்லதுதான் சார்" என்றார். "போய் தங்கச்சி பக்கத்துல நில்லுங்க."